மன்னார்க் கரையின் வீட்டுப் பட்டறை

பாலாவிக் கரையிலே எழுந்தருளிய திருக்கேதீச்சரப் பெருமானைத் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிப் பரவினர் என்பது சைவ மக்கள் யாவரும் அறிந்ததே. அத்தலம் அமைந்த மாதோட்டம் அப்பெயர் பெற்றமைக்குப் புராண மரபு கூறும் காரணம் அத்துணைப் பரவலாக அறியப்படாதது. தேவதச்சனாகிய துவட்டா அங்கே தவமிருந்து சிவபெருமானை வழிபட்டான் என்றும், அதனால் அவ்விடம் மாதுவட்டாபுரம் எனப்பட்டுப் பின்னர் மாதோட்டம் என மருவிற்று என்றும் கூறுவர். சொல்லாராய்ச்சியில் இவ்விளக்கம் நிற்குமோ நில்லாதோ என்பது வேறு வினா. உளியும் சுத்தியலும் ஏந்திய ஒரு தச்சனைத் தம் நாட்டின் முதல் வழிபாட்டாளருள் ஒருவனாக எண்ணிய மக்கள், கைத்தொழிலை இழிவெனக் கருதியிருக்க மாட்டார் என்பது மட்டும் தெளிவு.

மாந்தையில் 1980 முதல் 1984 வரை யோன் காஸ்வெல் என்னும் ஆய்வாளர் தலைமையில் நடைபெற்ற அகழ்வுகளும் பழைய துறைமுக நகர் ஒன்றின் வளத்தை வெளிப்படுத்தின. சீனத்துக் கலங்களும் மேலை ஆசிய மட்கலங்களும் மணிகளும் அங்குக் கிடைத்தன. வணிகம் தழைத்த இடத்தில் மரக்கலம் பழுதுபார்ப்போரும், கயிறு திரிப்போரும், இரும்படிப்போரும் இன்றி அவ்வணிகம் ஒரு நாளும் நடந்திராது. அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் அவர்களுடைய தொழிலின் எச்சம் இன்றும் மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த பெருநிலக் கரையிலும் வீட்டு வளவுகளிலே காணப்படுகின்றது. அவ்வெச்சமே வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் அமைந்த பட்டறை. அதன் கருவிகளையும், இடச்சிக்கன அமைப்புகளையும், அவற்றின் அடியில் நிற்கும் இயற்கை விதிகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொட்டில் என்பது யாது?

மேனாட்டார் வீட்டில் மோட்டார் வண்டி நிறுத்தும் அறையையே பட்டறையாகவும் பயன்படுத்துவர். இலங்கைத் தமிழர் வழக்கிலோ ‘கராஜ்’ என்றால் வண்டி திருத்தும் தொழிலகமே பொருள். வீட்டுப் பணிக்குரிய இடம் கொட்டில் எனப்படும். பேசாலை, பள்ளிமுனை, வங்காலை, விடத்தல்தீவு முதலிய கடற்கரை ஊர்களில் இக்கொட்டிலிலேதான் வலை தொங்கும்; வெளியிணைப்பு எந்திரம் சாய்த்து வைக்கப்படும்; துவிச்சக்கர வண்டியும் முச்சக்கர வண்டியும் ஒதுங்கும்; மழைக்காலத்தில் விறகும் அடுக்கப்படும். நானாட்டான், முருங்கன் முதலிய வயற்புற ஊர்களில் வலையிருக்கும் இடத்தில் மண்வெட்டியும் தெளிகருவியும் இருக்கும். இத்தனைக்கும் இடம் கொடுத்தபின் எஞ்சும் நாலுமுழ இடமே பட்டறை.

இக்காலத்தில் இவ்விடச் சுருக்கம் மேலும் கடுமையாயிற்று. 1990ஆம் ஆண்டு முதல் நேர்ந்த இடப்பெயர்வுகள் மன்னார் மக்களைச் சிதறடித்தன. தமிழர் பலர் படகேறி இராமேசுவரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும் சென்றனர். அவ்வாண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்திலும் பிறவிடங்களிலும் தங்கினர். 2009இல் போர் முடிந்தபின் மீண்டோரிற் பலர் சிறிய திட்ட வீடுகளிற் குடியேறினர். இந்திய அரசின் உதவியால் எழுந்த வீடுகளின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. ஒரு குடும்பம் வாழ அது போதலாம். ஒரு தொழிலும் உடன் வாழ அது போதாது. ஆதலின் இடச்சிக்கனம் என்பது இங்கே அழகு பற்றிய செய்தியன்று. பிழைப்புப் பற்றிய செய்தி.

இழந்தவற்றுள் எண்ணப்படாத ஒன்று

வீடும் வள்ளமும் இழந்தோர் அவற்றைப் பட்டியலிட்டு முறையிட்டனர். உளி, அரம், துறப்பணம், குறடு, சீவுளி ஆகியவற்றைப் பட்டியலிட்டோர் சிலரே. பெருந்துன்பத்தின் நடுவே அவை சிறு பொருள்கள். ஆயினும் தலைமுறை தலைமுறையாகக் கைக்குப் பழகிய ஒரு வாய்ச்சியின் பிடி கடையில் விற்கப்படுவதன்று. கருவி போனபோது அதனை ஆக்கும் அறிவும் பலவிடங்களில் உடன் போயிற்று. தந்தை கருவியைத் தீட்டும்போது அருகிலிருந்து பார்த்தே மகன் கற்பது மரபு. முகாமிலே தீட்டுதற்குக் கருவியும் இல்லை; பார்ப்பதற்குக் கொட்டிலும் இல்லை.

அதே காலம் வேறொரு பாடத்தையும் புகட்டிற்று. வடபகுதியிற் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் மின்கலம் கிடையாத வானொலியைத் துவிச்சக்கர வண்டியின் தைனமோவாற் பேசவைத்தனர். பெற்றோல் இன்றி மண்ணெண்ணெயால் மோட்டார் சைக்கிளை ஓட்டினர். சிறிதளவு எண்ணெயில் எரியும் ஜாம் போத்தல் விளக்கில் மாணாக்கர் பரீட்சைக்குப் படித்தனர். இவற்றை ஆக்கியோர் பெரும்பாலும் பட்டம் பெற்ற பொறியியலாளர் அல்லர். கொட்டிலிற் கைபழகிய சாதாரண மக்கள். தேவை நேர்ந்தபோது அவர் கைக்கு உதவியது பழக்கத்தால் வந்த அறிவே.

மரமும் அதன் குணமும்

வீட்டிற் கருவி செய்வோன் முதலில் அறியவேண்டியது மரத்தின் இயல்பு. மன்னார்ப் புறத்தில் எளிதிற் கிடைப்பது பனை. பனைமரத்தின் புறப்பகுதி கருமை பாய்ந்து வைரமாக இருக்கும். உட்பகுதி மென்மையான சோறு. ஆகவே கருவிக்குப் பயன்படுவது புறப்பகுதியே. அது நீளவாக்கிற் பிளவுபடும் தன்மையது; ஆணி அறையுமுன் துளையிடாவிடின் வெடித்துவிடும். பெருநிலக் காடுகளில் வளரும் பாலை மிகக் கனமும் வன்மையும் உடையது. உலக்கைக்குப் பொருந்திய அம்மரமே கொட்டாப்புளிக்கும் ஆப்புக்கும் பொருந்தும். புளிய மரத்தின் முறுகிய இழை எளிதிற் பிளவாது. ஆதலின் அடிபடும் கருவிக்கு அதுவும் நன்று. பூவரசு வளைவுள்ள உறுப்புகளுக்கு ஏற்றது. வேம்பைப் பூச்சி எளிதில் அணுகாது. தட்டுக்கும் பெட்டிக்கும் அதனைக் கொள்ளலாம்.

பிடி செய்யும் மரத்தை நிழலிலே மெல்ல உலரவிடல் வேண்டும். வெயிலிற் காய்ந்த மரம் புறத்தே விரைந்து சுருங்கி அகத்தே சுருங்காமையால் வெடிக்கும். வெட்டிய முனைகளில் மெழுகோ நெய்ப்பூச்சோ தடவினால் அம்முனைவழி ஈரம் விரைந்து வெளியேறாது தடுக்கப்படும்.

அளத்தலும் நேராக்கலும்

விலை கொடுத்து வாங்கும் அளவைக் கருவிகள் இன்றியும் செம்மையாகத் தொழில் செய்யலாம். ஒரு கயிற்றிற் பன்னிரண்டு சம பாகங்களைக் குறித்து, மூன்று, நான்கு, ஐந்து பாகங்களாக முக்கோணமாய் இழுத்தால் மூன்றும் நான்கும் கூடும் மூலை செங்கோணமாகும். பாடசாலையிற் பைதகரசின் தேற்றமாகப் படிக்கும் இவ்வுண்மை, கொட்டிலின் தூண் நடுவதற்கும் பெட்டியின் மூலை பார்ப்பதற்கும் போதிய மூலைமட்டம். செய்த பெட்டி சரியோ என அறிய இரு மூலைவிட்டங்களையும் ஒரே கயிற்றால் அளந்து பார்த்தல் வேண்டும். எதிர்ப்பக்கங்கள் சமமாயிருக்க மூலைவிட்டங்களும் சமமாயின் மூலைகள் நான்கும் செங்கோணமே.

மட்டம் பார்த்தற்கு ஒளி ஊடுருவும் மெல்லிய குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளையும் உயர்த்திப் பிடித்தால் போதும். நீர் தன் மட்டத்தைத் தானே காட்டும். குழாயினுள் காற்றுக் குமிழி இருப்பின் அளவு பிழைக்கும். ஆதலின் குமிழியை நீக்கிய பின்னரே பார்த்தல் வேண்டும். செங்குத்தை அறியத் தூக்குநூல் உளது. வலையின் ஈயக் குண்டு ஒன்றே அதற்குப் போதும்.

ஒரே அளவிற் பல துண்டுகள் வேண்டுமிடத்து ஒவ்வொரு முறையும் அடிமட்டத்தால் அளப்பவன் ஒவ்வொரு முறையும் சிறிது தவறுவான். ஒரு கம்பில் வேண்டிய அளவுகளை ஒரே தடவை குறித்து, அக்கம்பையே எல்லாத் துண்டுகளிலும் வைத்து வெட்டுபவனுடைய துண்டுகள் தம்முள் ஒத்திருக்கும். வலைபின்னுவோர் கைக்கொள்ளும் கண்ணளவுப் பலகையும் இந்நெறியினதே. பலகையின் அகலத்தைச் சுற்றி நூல் செல்வதால், இழுத்துப் பார்க்கும் வலைக்கண்ணின் நீளம் பலகையின் அகலத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்காகும். பலகை ஒன்று தேய்ந்தால் வலை முழுவதும் தவறும். ஆதலின் அதனை வன்மரத்திலோ கொம்பிலோ செய்தனர் முன்னையோர்.

பற்றிப் பிடிக்கும் கருவிகள்

தனியாகத் தொழில் செய்வோனுக்கு மூன்றாவது கை வேண்டும். நம் நாட்டுத் தச்சர் நிலத்திலமர்ந்து காலாலே மரத்தைப் பற்றிக்கொண்டு கையாற் செதுக்குவர். இதனைப் பிற்போக்கு என எள்ளுவோர் உளர். நோக்கின், மேசையும் பற்றுப்பொறியும் அடைக்கும் இடத்தை முற்றாக மிச்சப்படுத்திய முறை அதுவே. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் கண்டிநாட்டுக் கைவினைஞரின் தொழிலையும் கருவிகளையும் விரிவாக ஆராய்ந்தார். சில எளிய கருவிகளைக் கொண்டு உயர்ந்த வேலை செய்தோர் இந்நாட்டினர் என்பது அந்நூலைப் பயில்வோர்க்கு விளங்கும்.

காலாற் பற்ற இயலாத வேலைக்கு ஆப்பு உதவும். ஒரு பலகையின் இரு புறங்களிலும் இரு கட்டைகளை அறைந்து, வேலைப்பொருளை அவற்றிடையே வைத்து, எஞ்சிய இடைவெளியில் எதிரெதிராக இரண்டு ஆப்புகளைத் தட்டினால் பொருள் அசையாது நிற்கும். ஆப்பின் சரிவு நீளம் ஆறுக்கு உயரம் ஒன்று, அல்லது அதனினும் தாழ்ந்ததாக இருத்தல் வேண்டும். அவ்வாறாயின் மரத்துக்கும் மரத்துக்கும் இடையே உள்ள உராய்வே ஆப்பைப் பிடித்துக்கொள்ளும். அதனினும் செங்குத்தாயின் ஆப்பு பின்னோக்கி வழுகிவிடும். சரிவு தாழத்தாழத் தட்டும் விசை பெருகிப் பொருளை நெருக்கும். விலைமிக்க திருகுப் பற்றி செய்யும் வேலையும் இதுவே. திருகு என்பது உருளையிற் சுற்றிய ஆப்பே அன்றி வேறன்று.

ஒட்டிய பலகைகளை இறுக்கிக் கட்டுதற்குக் கயிற்றை இரட்டையாகச் சுற்றி, அதனிடையே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் போதும். சுற்றிய கயிறு குறுகக்குறுகப் பலகைகள் நெருங்கும். கடலோர மக்கள் இம்முறையைக் கட்டுமரத்தின் கட்டைகளைப் பிணிப்பதிலும் விறகுக் கட்டை இறுக்குவதிலும் நன்கு அறிந்தவர்.

இரும்பைக் கருவியாக்கல்

பழைய வண்டியின் வில்லுத்தகடு நல்ல உருக்காகும்; அதிலே ஏறத்தாழ நூற்றுக்கு 0.6 பங்கு கரிமம் உண்டு. அதனாலே உளியும் கத்தியும் ஆக்கலாம். சிரட்டைக் கரி நிரப்பிய சிறு உலையும் கைத்துருத்தி ஒன்றும் இருந்தாற் போதும். தகட்டைச் செவ்வொளி வரும்வரை காய்ச்சிச் சுத்தியலால் வடிவமாக்கி, ஆறவிட்டு, அரத்தால் முனையைச் சரிசெய்தல் முதற்படி. பின்னர் மீண்டும் காய்ச்சுதல் வேண்டும். காந்தம் ஒட்டாத நிலை வருவது ஏறத்தாழ 770 பாகை செல்சியசில். அதற்குச் சற்று மேலே சென்றதும் எண்ணெயில் அமிழ்த்தினால் உருக்குக் கடினமாகும்.

இந்நிலையிற் கருவியைப் பயன்படுத்துவோன் ஏமாறுவான். கடினமான உருக்கு கண்ணாடிபோல் முறியும். ஆதலின் முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மீண்டும் மெல்லச் சூடாக்கும்போது அதன் மேல் நிறங்கள் படர்வதை உற்றுநோக்கல் வேண்டும். வைக்கோல் மஞ்சள் தோன்றுவது ஏறத்தாழ 230 பாகையில். மரவேலை உளிக்கு அதுவே தக்க பதம். ஊதா நிறம் தோன்றுவது 280 பாகையை அணுகும்போது. இரும்பு வெட்டும் உளிக்கு அது தகும். நிறத்தைப் பார்த்து வெப்பத்தை அறியும் இக்கலைக்கு வெப்பமானி தேவையில்லை. நிழலும் பொறுமையும் தேவை. கடும் வெயிலில் நின்று பார்ப்பவனுக்கு அந்நிறங்கள் புலப்படா.

சிறு கருவிகளுக்கு இத்துணை முயற்சியும் வேண்டியதில்லை. முறிந்த இரும்பு வாளின் அலகைச் சாணைக்கல்லிற் தீட்டினால் நுண்கத்தியாகும். துவிச்சக்கர வண்டிச் சில்லின் கம்பியை நுனியில் தட்டையாக்கித் தீட்டினால் மென்மரத்தைத் துளைக்கும் ஊசி கிடைக்கும். அதனை வில்லும் நாணும் கொண்ட துறப்பணத்திற் பொருத்தலாம். வலையூசியை முன்பு மூங்கிலிற் செய்தனர். இன்று கழிக்கப்பட்ட பிளாத்திக்குக் குழாயைக் கொதிநீரிலிட்டு மென்மையாக்கித் தட்டையாக அழுத்தி வெட்டுவதும் உண்டு. அக்குழாயை நெருப்பிலே நேரே காட்டுதல் ஆகாது. அது கரியும்போது எழும் புகை நுரையீரலுக்குக் கேடு.

இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்புகள்

நம் முன்னோர் வீட்டின் நிலத்தை மட்டும் இடமாகக் கொண்டாரல்லர். சுவரிலே மாடம் வைத்தனர். வளையிலிருந்து உறி தொங்கவிட்டனர். கூரைக்கும் தலைக்கும் இடையே பரண் அமைத்தனர். பாலும் தயிரும் உறியில் ஏறியது பூனைக்கும் எறும்புக்கும் அஞ்சி. கருவியும் அவ்வாறே ஏறலாம். பட்டறையில் இடம் காணும் கலை முழுவதும் இம்மூன்றின் விரிவே.

முதலாவது, மடக்குப் பலகை. நாலடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பலகையைப் பிணைச்சல்களாற் சுவரோரச் சட்டத்திற் பொருத்தி, அதன் கீழே கதவுபோல் திறக்கும் இரண்டு கால்களை அமைத்தல் வேண்டும். வேலை முடிந்ததும் கால்களைச் சுவரோடு மடித்துப் பலகையைத் தொங்கவிட்டால் அது அடைப்பது நாலு விரல் அகலமே. நின்று வேலை செய்பவனுடைய மணிக்கட்டின் உயரமே பலகையின் உயரம். திட்ட வீடுகளின் உள்ளீடற்ற சீமெந்துக் கற்சுவரில் அறைந்த ஆணி பாரத்தைத் தாங்காது. அத்தகைய இடத்திற் சுவரை நம்பாது, நிலத்திலூன்றிய இரண்டு பனஞ்சட்டங்களிலே பலகையைப் பொருத்துதல் நன்று.

இரண்டாவது, சாய்சட்டம். ஒரு பலகையை நீளவாக்கில் 45 பாகைச் சரிவாக இரண்டாக அறுத்தல் வேண்டும். ஒரு பாதியைச் சரிவு சுவரை நோக்கி உள்ளே தாழும்படி சட்டத்தில் அறைந்து, மறுபாதியைக் கருவித்தட்டின் முதுகில் தலைகீழாகப் பொருத்தினால், தட்டு தன் பாரத்தாலேயே சுவரை நோக்கி இழுக்கப்பட்டு நிற்கும். மேலே தூக்கினாற் கழன்றுவிடும். ஆணியோ கொளுக்கியோ வேண்டியதில்லை. வலை பின்னும் பருவத்தில் வலைக்குரிய தட்டையும், எந்திரம் திருத்தும் நாளில் அதற்குரிய தட்டையும் மாற்றி மாற்றித் தொங்கவிடலாம். ஒரு சுவர் பல சுவராகும் வித்தை இது.

மூன்றாவது, போத்தல் வரிசை. தட்டின் அடிப்புறத்தில் ஜாம் போத்தல்களின் மூடிகளை அறைந்து, போத்தல்களைக் கீழிருந்து திருகி மாட்டினால் ஆணியும் திருகாணியும் தூண்டிலும் கண்முன்னே தொங்கும். ஒரு காலத்தில் விளக்காக நின்ற அதே போத்தல் இங்கே களஞ்சியமாகின்றது. தகர டப்பா கடற்காற்றில் ஓராண்டிற் துருப்பிடிக்கும், கண்ணாடி துருப்பிடிப்பதில்லை.

நான்காவது, உருவரை. கருவிகள் தொங்கும் பலகையில் ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் கரியால் வரைந்துவைத்தல். மாலையில் ஒரு நோக்கிலே எது திரும்பவில்லை என்பது விளங்கும். இரவல் கொடுத்த குறடு எவர் வீட்டில் உளது என்னும் சண்டையும் குறையும்.

ஐந்தாவது, எந்திரத் தாங்கி. வெளியிணைப்பு எந்திரத்தை நிலத்தில் கிடத்துவோர் இடத்தையும் இழப்பர், எந்திரத்தையும் இழப்பர். கீழ்ப்பகுதியில் எஞ்சிய நீர் சாய்ந்த நிலையில் எந்திரத்தின் உட்பகுதிக்குள் வடிதல் கூடும். ஏணிபோற் சாய்ந்த இரு கால்களுக்கிடையே இரண்டங்குலத் தடிப்புள்ள பலகையை மேலே வைத்து, வள்ளத்தின் பிற்பலகையிற் பூட்டுவதுபோல் எந்திரத்தை அதிற் பூட்டுதல் வேண்டும். அதன் கீழே ஒரு பீப்பாயை வைத்து நன்னீர் நிரப்பினால், கடலிலிருந்து திரும்பியதும் எந்திரத்தை ஓட்டி உப்பைக் கழுவவும் அதே தாங்கி உதவும். நீர் உறிஞ்சும் துவாரம் நன்கு அமிழாமல் எந்திரத்தை ஓட்டினால் உள்ளே நீர் தள்ளும் ரப்பர்ச் சக்கரம் சில நொடிகளிலே எரிந்து பழுதாகும்.

காற்றும் உப்பும்

மன்னார்த் தீவு ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மூன்று பக்கமன்று, எல்லாப் பக்கமும் கடல். வைகாசி முதற் புரட்டாதி வரை வீசும் சோளகம் மணலையும் உப்பையும் வாரிக்கொண்டு வரும். அக்காற்றின் வன்மையை அறிய வேறு சான்று வேண்டியதில்லை; 2020 டிசம்பரில் அத்தீவின் தென்கரையில் 30 பெருங் காற்றாடிகளைக் கொண்டு 103.5 மெகாவாட் ஆற்றலுள்ள தம்பபவனி மின்னிலையம் தொடக்கப்பட்டமையே போதும். ஆதலின் கொட்டிலின் திறந்த பக்கம் தென்மேற்கை நோக்குதல் ஆகாது. வடகிழக்கிலிருந்து வரும் வாடை மழையையும் கொணர்வதால் அப்பக்கம் கிடுகாலோ ஓலையாலோ தட்டி வேண்டும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துத் தலைமன்னார்ப் புறத்தையும் தாக்கியது. கூரையை வளையோடும் வளையைத் தூணோடும் கட்டாத கொட்டில் காற்றுக்குக் கூடையே ஆகும்.

துரு பற்றி ஒரு தவறான கருத்து உண்டு. மழை படாத கருவி துருப்பிடிக்காது என எண்ணுவோர் பலர். கடலுப்பில் மகனீசியங் குளோரைட்டும் கலந்துளது. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 33 அளவுக்கு மேற்பட்டாலே அது நீரை ஈர்த்துக் கரைசலாகிவிடும். சோடியங் குளோரைட்டோ நூற்றுக்கு 75 அளவில் அவ்வாறாகும். மன்னார்க் கரையில் ஈரப்பதன் 33க்குக் கீழே தாழ்வது அரிது. ஆகவே உப்புப் படிந்த உளி கூரைக்குள்ளே இருந்தும் நாள் முழுவதும் நனைந்தே கிடக்கின்றது. அதன்மேல் எண்ணெய் பூசுவது உப்பை உள்ளே பூட்டிவைப்பதாகும். முதலில் நன்னீரில் நனைத்த துணியாற் துடைத்தல். பின்னர் உலர்ந்த துணியாற் துடைத்து வெயிலிற் சிறிது காட்டுதல். அதன் பின்னரே எண்ணெய். இம்முறை மாறினாற் பயனில்லை. தினமும் கையாளும் கருவிக்குத் தேங்காயெண்ணெய் போதும். நெடுநாள் வைக்கும் கருவிக்கு மெழுகு கலந்த எண்ணெய் நன்று.

காவல்

வீட்டோடு ஒட்டிய பட்டறையில் குழந்தைகளும் நடமாடுவர். வலைக்குரிய ஈயக் குண்டை வீட்டில் உருக்கி வார்ப்போர் உளர். ஈயத்தின் ஆவியும் தூளும் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஒருமுறை புகுந்த நஞ்சு எளிதில் நீங்காது. அடுப்படியிலும் கொட்டிலிலும் அதனைச் செய்தல் தகாது. வார்க்கப்பட்ட குண்டை வாங்குதலே சிறந்தது. பெற்றோலின் ஆவி காற்றினும் கனமுடையதாதலின் நிலத்தோடு தவழ்ந்து தொலைவிலுள்ள அடுப்பையும் அடையும். அதனை வீட்டோடு ஒட்டி வைத்தல் கூடாது. மூடிய கொட்டிலில் எந்திரம் ஓட்டுதல் உயிருக்கே கேடு. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

கல்வியும் கைத்தொழிலும்

இத்துணையும் அறிந்த மக்களின் பிள்ளைகள் பாடசாலைக்கு வந்ததும் அறியாதவராகக் கருதப்படுவது வியப்புக்குரியது. 1937இல் காந்தியடிகள் வார்தாவில் ஆதாரக் கல்வியை வகுத்தபோது, கையால் ஒரு தொழிலைச் செய்வதே பிற பாடங்களுக்கும் வாயில் என்றார். எரவாடாச் சிறையிலிருந்த காலத்திலே அவர் பெட்டிக்குள் மடங்கும் இராட்டையைப் பழக்கத்துக்குக் கொணர்ந்தமையும் இங்கு நினைக்கத் தக்கது. சிறையறையில் அடங்குமாறு கருவியைச் சுருக்கியவர்க்கு இடமின்மை ஒரு தடையாகத் தோன்றவில்லை. இலங்கையில் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடத்தைக் கொணர்ந்தது. மீன்பிடி முதலிய அவ்வவ்வூர்த் தொழில்கள் வகுப்பறையிற் புகுந்தன. பெற்றோர் பலர் அதனை விரும்பவில்லை. தம் பிள்ளை எழுதுவினைஞனாக வேண்டும் என்றே விரும்பினர். சில ஆண்டுகளில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அப்பெற்றோரைக் குறைகூறுதல் எளிது. உண்மையோ வேறு. கைத்தொழிலைச் சாதியோடு பிணைத்து, உளி பிடிப்போனையும் வலை இழுப்போனையும் கீழே நிறுத்திய சமுதாயத்தில், தம் பிள்ளை அதிலிருந்து மீள வேண்டும் என்று ஒரு தந்தை விரும்புதல் நியாயமே. அவ்விழிவை அகற்றாமல் பாடத்தை மட்டும் புகுத்தினால் அது தோற்றே தீரும். ஏட்டுக் கல்வி பெற்றோரின் பிள்ளைகளும் துறப்பணம் பிடிக்கும் நாளிலேதான், மீனவர் மகன் நாணாது தன் தந்தையின் கருவியைப் பாடசாலைக்குக் கொண்டுவருவான்.

ஆண்டுதோறும் நவராத்திரியின் முடிவில் ஆயுத பூசை நிகழ்கின்றது. பாடசாலையிலே புத்தகங்களும் கொட்டிலிலே கருவிகளும் பூசைக்கு வைக்கப்படுகின்றன. சந்தனப் பொட்டுப் பெறும் புத்தகமும் அதே பொட்டைப் பெறும் சீவுளியும் அந்த ஒரு நாளிற் சமம். மறுநாள் புத்தகம் மீண்டும் திறக்கப்படும். சீவுளி மீண்டும் எடுக்கப்படாது துருவேறுமாயின் அப்பூசை அரைப் பூசையே. மாதோட்டத்துத் தச்சன் வழிபட்ட பெருமான் திருமுன்னே வாழும் மக்கள், நாலுமுழக் கொட்டில் ஒன்றை ஒழுங்குசெய்து, துருவேறிய உளி ஒன்றைத் தீட்டி, அதனைப் பக்கத்தில் நிற்கும் சிறுவன் கையிலே கொடுத்தால், அதுவே நிறைவான பூசையாகும்.